விடுவதும் மறைப்பதும்

மும்பை மாநகரின் கிழக்குக் கரையில், மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சிவ்ரி என்றோர் இடம் உள்ளது. பழைய படகுத்துறை ஒன்று; அதை அடுத்துக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு; சேற்றின் விளிம்பில் அலையாத்திச் செடிகள்; அப்பால் கடல். ஆண்டின் பல மாதங்களில் அங்கே நின்று பார்க்க விரும்புவோர் குறைவு. குளிர்காலம் பிறந்துவிட்டாலோ காட்சி மாறிவிடுகிறது. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. நவம்பர் முதல் மே வரை அந்தச் சேற்று நிலத்தின் மீது இளஞ்சிவப்பு நிறம் படர்ந்து கிடக்கிறது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் இப்பறவைகளைக் கண்டவர்களுக்கு அந்த அழகை விளக்க வேண்டியதில்லை.

1990களிலிருந்தே இவை இங்கு பெருங்கூட்டமாக வருகின்றன. 1883ல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 2019ல் எடுத்த கணக்கின்படி, மும்பைக் கடற்கழிகளில் இருந்த பூநாரைகள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். விடுமுறை நாட்களில் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளுடன் அங்கு செல்கின்றன. நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களுடன் புகைப்படக் கலைஞர்கள் விடியுமுன்னரே வந்து காத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்கள் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இடம்பெறுகின்றன. வெள்ளி போன்ற நீர், அதில் நிழல் விழ நிற்கும் பறவைகள், மேலே வெளிர்ந்த வானம். பார்ப்பவர் மனத்தில் அமைதி பிறக்கிறது.

அந்தப் படங்களில் காணக் கிடைக்காத ஒன்று உண்டு. பறவைகளுக்குப் பின்னால், நீருக்கு அப்பால், செம்பூரை ஒட்டிய மாஹுல் கரையில் 1950களில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. அவற்றின் புகைபோக்கிகளும் வட்டவட்டமான எண்ணெய்த் தொட்டிகளும் தெரிகின்றன. இன்னும் தள்ளி டிராம்பே அனல் மின்நிலையம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுப் பாலம் சிவ்ரியிலேயே தொடங்கி அந்தச் சேற்றின் மீதே செல்கிறது. கேமராவைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் இவையனைத்தும் மறைந்துவிடும். அப்படியும் ஒரு புகைபோக்கியின் நுனி உள்ளே வந்துவிட்டால், வீட்டுக்கு வந்தபின் படத்தின் மேற்பகுதியில் ஒரு பட்டையைக் கத்தரித்துவிடலாம்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. இவ்வாறு கத்தரித்த படம் உண்மையா, பொய்யா? படத்தில் உள்ள ஒவ்வொரு பறவையும் மெய்யாகவே அங்கு நின்றது. எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் படத்தைப் பார்ப்பவர் தம் மனத்தில் அமைத்துக்கொள்ளும் இடம் உலகில் எங்கும் இல்லை. கையில் கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் இன்று படம் எடுக்கிறோம், கத்தரிக்கிறோம், பிறருக்கு அனுப்புகிறோம். கேமரா இல்லாதபோதும் நம் மனம் இதே வேலையை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே இது நம் அனைவருக்கும் உரிய கேள்வி.

தேர்வு இல்லாமல் பார்வை இல்லை

கத்தரிப்பது அனைத்தும் குற்றம் என்று சொல்லிவிடுவது எளிது, அது சரியாகாது. கேமராவின் கண்ணாடிக்கு நான்கு ஓரங்கள் உண்டு. எங்கு நின்றாலும் அந்த ஓரங்களுக்கு உள்ளே சிறிது வரும். வெளியே மிகுதி நிற்கும். படம் எடுக்கும் கணத்திலேயே முதல் கத்தரிப்பு நிகழ்ந்துவிடுகிறது.

கடற்கரைப் படம் எடுக்கக் கற்பவருக்குச் சொல்லப்படும் பாடங்கள் யாவும் தேர்வைப் பற்றியவையே. கடலும் வானும் கூடும் கோடு சாயக்கூடாது. சாய்ந்தால் கடல் வழிந்துவிடும் போலத் தோன்றும். அந்தக் கோட்டைப் படத்தின் நடுவில் வைக்காமல், மேலே மூன்றில் ஒரு பங்கிலோ கீழே மூன்றில் ஒரு பங்கிலோ வைப்பது பெரும்பாலும் நன்று. வானம் பேசுகிறது என்றால் வானத்துக்கு இடம் கொடு. நீர் பேசுகிறது என்றால் நீருக்கு. சிவ்ரியில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவில் சேற்றில் பரவிவிடும். நீர் ஏறத் தொடங்கும்போதுதான் அவை கரையை நோக்கி நெருங்கி வரும். எதை எப்போது எவ்வளவு பார்ப்பது என்று அறிவதே அந்தக் கலை.

சில சமயங்களில் கருவியின் குறையே தேர்வைக் கட்டாயமாக்குகிறது. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லே கிரே என்பவர் கடற்காட்சிகளைப் படம் எடுத்துப் பெரும்புகழ் பெற்றார். அக்காலத்துப் படத்தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்பவை. கடல் தெளிவாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே சில படங்களில் அவர் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடும் எடுத்து, இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களின் மீது வைத்ததும் உண்டு. கண் கண்ட காட்சிக்கு நெருங்கி வருவதற்கு அவருக்கு இருந்த வழி அது.

எனவே தேர்வும் ஒழுங்குபடுத்தலும் தம்மளவில் பொய் ஆவதில்லை. பிறகு எந்த இடத்தில் அவை பொய்யாகின்றன?

துரோணர் கண்ட இரண்டு கத்தரிப்புகள்

மகாபாரதத்தில் இதற்கு வெளிச்சம் தரும் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. வியப்பு என்னவென்றால், இரண்டிலும் துரோணர் இருக்கிறார். இரண்டிலும் தருமபுத்திரரும் இருக்கிறார்.

முதல் நிகழ்ச்சி நாம் அனைவரும் சிறுவயதில் கேட்டது. மரத்தின் உச்சியில் செயற்கைப் பறவை ஒன்றை வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று துரோணர் மாணவர்களைக் கேட்கிறார். தருமர் மரத்தையும் பறவையையும் காண்கிறார்; ஆசிரியரையும் தம்பியரையும் காண்கிறார். அவரை விலகி நிற்கச் சொல்லிவிடுகிறார் ஆசிரியர். அர்ஜுனனுக்குப் பறவை மட்டும் தெரிகிறது. பின்னர் அதன் தலை மட்டும். நம் வீட்டுக் கதைகளில் அது பறவையின் கண்ணாக மாறிவிட்டது. அவனே அம்பு எய்யத் தகுதி பெறுகிறான்.

இதைவிடக் கடுமையான கத்தரிப்பு வேறென்ன இருக்க முடியும்? ஆசிரியரும் உடன்பிறந்தோரும் மரமும் வானமும் அர்ஜுனனின் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டனர். ஆயினும் இதை எவரும் பொய் என்பதில்லை. மனஒருமைப்பாடு என்று போற்றுகிறோம். ஏனெனில் அவன் விட்டது தன் செயலுக்காக, தன் பார்வையில் மட்டுமே. மரம் இல்லை என்று அவன் பிறரிடம் சொல்லவில்லை. அம்பை எய்து வில்லைத் தாழ்த்தியதும் அனைத்தும் அவன் கண்ணுக்குத் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது நிகழ்ச்சி குருக்ஷேத்திரத்தில், போரின் பதினைந்தாம் நாளில் நடக்கிறது. துரோணரை வெல்ல வழியில்லை. அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைப் பீமன் கொல்கிறான்; அசுவத்தாமன் இறந்தான் என்று கூவுகிறான். மகனை இழந்தோமோ என்று கலங்கிய துரோணர், பொய் பேசாத தருமரிடம் கேட்கிறார். அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கச் சொன்ன தருமர், யானை என்ற சொல்லைக் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார். அந்தச் சொல் சங்கொலியில் அமிழ்ந்ததாகவும் கூறுவர். துரோணர் ஆயுதத்தை விடுகிறார், கொல்லப்படுகிறார்.

தருமர் பேசிய வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு சொல் கத்தரிக்கப்பட்டது. அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நின்ற அவருடைய தேர் அக்கணம் மண்ணைத் தொட்டது என்கிறார் வியாசர். அன்று மரத்தடியில் எல்லாவற்றையும் கண்டதாகச் சொல்லி வில்லாளியாகத் தேறாமல் போனவர், பிற்காலத்தில் எல்லாவற்றையும் சொல்லாமல் விட்டதால் தேர் தாழ்ந்து நின்றார்.

இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். அர்ஜுனன் விட்டான், தருமர் மறைத்தார். கவனத்தைக் குவிப்பதற்காக ஒன்றை ஒதுக்குவது விடுதல். அதைப் பிறர் அறிந்தால் வேறு முடிவுக்கு வருவார்கள் என்று தெரிந்தே ஒதுக்குவது மறைத்தல். கத்தரிக்கோல் ஒன்றே, அதைப் பிடித்திருக்கும் நோக்கம் வேறு.

வெட்டிய பட்டையில் இருந்தது என்ன?

இப்போது சிவ்ரிக்குத் திரும்புவோம். படத்தின் மேலிருந்து வெட்டிய அந்தப் பட்டையில் உண்மையில் என்ன இருந்தது?

பூநாரை பிறக்கும்போது இளஞ்சிவப்பாக இருப்பதில்லை. குஞ்சுகள் சாம்பல் நிறம் கொண்டவை. அவை உண்ணும் நுண்பாசிகளிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிகளே பின்னர் இறகுகளுக்கு அந்த நிறத்தைத் தருகின்றன. சிறு பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, நீலப்பச்சைப் பாசியை வடிகட்டி உண்கிறது. மும்பைக் கடற்கழிகளில் அந்தப் பாசி இவ்வளவு செழிப்பாக வளர்வது ஏன்? மாநகரின் கழிவுநீர் கொண்டு சேர்க்கும் சத்துகள் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்படியானால், படத்தை அழகாக்குவதற்காக நாம் வெளியே தள்ளிய அழுக்குக்கும், படத்தின் உள்ளே நாம் வியந்து பார்க்கும் நிறத்துக்கும் உறவு உண்டு.

அந்தப் பட்டையில் மனிதர்களும் இருந்தார்கள். ஆலைகளுக்கும் சேமிப்புத் தொட்டிகளுக்கும் அருகே மாஹுல், அம்பாபாடா கிராமங்களில் கோலி மீனவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்குள்ள காற்று மாசு அவர்களுடைய உடல்நலத்துக்கு அச்சுறுத்தலாக உள்ளது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறியது. வேறு இடங்களில் குடிசைகளை இழந்த குடும்பங்களுக்கு மாற்றுவீடுகள் மாஹுலில் ஒதுக்கப்பட்டபோது, அங்கு செல்ல எவரையும் வற்புறுத்தலாகாது என்றும், அவர்களுக்கு வாடகைத் தொகை தரப்பட வேண்டும் என்றும் பம்பாய் உயர்நீதிமன்றம் 2019ல் உத்தரவிட்டது. படத்தில் அது ஒரு மங்கலான புகைபோக்கி. அங்கு வாழ்பவர்களுக்கோ அது நாள்தோறும் சுவாசிக்கும் காற்று.

பறவைகளின் துன்பமும் பல சமயம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. 2024 மே மாதத்தில், செம்பூருக்கு அண்மையிலுள்ள காட்கோபர் பகுதியில், இறங்க வந்த விமானத்தில் மோதி ஏறத்தாழ நாற்பது பூநாரைகள் மடிந்தன. அந்தப் படங்களும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. அவற்றை யாரும் சுவரில் மாட்டி வைக்கவில்லை.

அதனால் அழகான படங்களை எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. நோயுற்றுப் படுத்திருக்கும் ஒருவர் எதிர்ச்சுவரிலுள்ள பூநாரைப் படத்தைப் பார்த்து ஆறுதல் கொள்கிறார் என்றால், அந்தப் படம் அவரை ஏமாற்றவில்லை. அழகு ஒரு வாசலாகவும் அமையலாம். பறவையைக் காண வந்தவர்கள் சிலர் சேற்றையும் அலையாத்திக் காட்டையும் கவனித்து, பின்னர் அவற்றுக்காகப் பேசத் தொடங்கினர். 2015ல் தாணே கடற்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலிக்கும் வாஷிக்கும் இடைப்பட்ட அந்தச் சரணாலயத்தின் எல்லைக்குள் சிவ்ரியின் சேறு வரவில்லை. வரைபடத்துக்கும் ஓரங்கள் உண்டு.

மூன்று கேள்விகள்

விடுதல் எப்போது மறைத்தலாக மாறுகிறது என்பதை அறிய நாம் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: நான் விட்டது என்ன என்று எனக்குத் தெரியுமா? தெரிந்து விடுபவருக்குப் படம் ஒரு பகுதி என்பது நினைவில் இருக்கும். தெரியாமல் விடுபவர் தம் படத்தையே முழு உலகம் என்று நம்பத் தொடங்கிவிடுவார். பிறரை ஏமாற்றுமுன் கத்தரிக்கோல் தன்னைப் பிடித்தவரையே ஏமாற்றிவிடுகிறது.

இரண்டாவது: கேட்டால் முழுப்படத்தைக் காட்ட நான் தயாரா? உலகப் புகழ்பெற்ற நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 1982 பிப்ரவரியில், அகலவாட்டில் எடுக்கப்பட்ட எகிப்தின் கீசா பிரமிடுகளின் படத்தை நீளவாட்டு அட்டைக்குள் அடக்குவதற்காக, கணினியின் உதவியால் பிரமிடுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக நகர்த்திவிட்டது. புகைப்படக்காரர் சில அடிகள் தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் காட்சிதானே என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். வாசகர்களின் நம்பிக்கையோ குலைந்தது. அது தவறு என்று பின்னாளில் அந்த இதழே ஒப்புக்கொண்டது. இன்று இயற்கைப் புகைப்படப் போட்டிகள் பலவற்றில், இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு, கேமரா முதலில் பதிவு செய்த மூலக்கோப்பையும் கேட்கிறார்கள். ஓரளவு கத்தரிக்க அனுமதி உண்டு. மூலத்தை மறைக்க அனுமதி இல்லை. இந்த விதி நம் வாழ்க்கைக்கும் பொருந்தும்.

மூன்றாவது: நான் விட்டதனால் யாருக்கேனும் தீங்கு உண்டா? வாய்மைக்கு இலக்கணம் வகுக்க வந்த திருவள்ளுவர், பிற உயிர்களுக்குத் தீங்கு விளைகிறதா என்பதையே அளவுகோலாக வைத்தார். நாட்காட்டிப் படத்தில் புகைபோக்கி இல்லாததால் எவருக்கும் கேடில்லை. அதே கரையில் வீடு விற்பவர் தம் விளம்பரத்தில் அதே பட்டையை வெட்டினால், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கும் குடும்பம் ஏமாறும். மாஹுல் மக்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, காற்று நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதிட்டால் அது கொடுமை. படம் மாறவில்லை, அது யார் கையில், எதற்காகச் செல்கிறது என்பது மாறிவிட்டது.

அழுக்கை மட்டும் காட்டும் கத்தரிக்கோல்

கத்தரிப்பு எப்போதும் அசிங்கத்தை நீக்கி அழகை வைப்பதில்லை. அதற்கு நேர்மாறாகவும் அது வேலை செய்யும். நகரின் மேற்குப் பக்கத்தில் மாஹிம் கழியை ஒட்டியுள்ள தாராவி இதற்குச் சான்று. ஒரு காலத்தில் அது கோலி மீனவர்களின் ஊர். தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்தும், மண்பாண்டத் தொழிலுக்காக சௌராஷ்டிரத்திலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கேமராவுடன் வருபவர்கள் பெரும்பாலும் எதைத் தேடுகிறார்கள்? கழியில் மிதக்கும் குப்பை, தகரக் கூரைகள், சாக்கடையோரம் நிற்கும் குழந்தை. கும்பார்வாடாவின் சூளையும், தோல் பொருள் செய்யும் கூடங்களும், சீருடை அணிந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், விளக்கு வைத்த பின்னும் நடக்கும் வேலையும் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடுகின்றன. குப்பையும் மெய்தான். குப்பை மட்டுமே தாராவி என்பது மெய்யன்று. அந்தப் படத்தைப் பார்த்தவர் அங்குள்ள மனிதனிடம் இரக்கம் கொள்ளக்கூடும். அவனிடம் மரியாதை கொள்வது கடினம்.

தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் இடையே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. சுமார் 37 ஏக்கர் பரப்பு, ஆயிரக்கணக்கான மரங்கள், அவற்றிடையே பறவைகளும் பட்டாம்பூச்சிகளும். 1994ல் திறக்கப்பட்ட அந்த இடம் அதற்கு முன்பு மாநகரின் குப்பை மேடாக இருந்தது. மரத்தை மட்டும் காட்டும் படம் அழகியது. அந்த மரத்தின் வேர் எதன் மீது நிற்கிறது என்பதையும் அறிந்து பார்ப்பவருக்கோ அதே படம் நம்பிக்கையும் தருகிறது. விட்டதை அறிவதால் அழகு குறைந்துவிடுவதில்லை.

நாம் வைத்திருக்கும் மூலப்படம்

நம் அன்றாட உறவுகளில் இந்தக் கத்தரிக்கோல் எப்படி இயங்குகிறது என்று சற்றுச் சிந்திப்போம். சகோதரர்களிடையே மனக்கசப்பு. நடந்ததை ஒருவர் உறவினரிடம் சொல்கிறார். தம்பி பேசிய கடுஞ்சொல் வருகிறது. அதற்கு முன் தாம் பேசியது வருவதில்லை. சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கேட்டவர் கொள்ளும் முடிவு உண்மையன்று. முதலில் பிறருக்காக வெட்டினோம்; பத்து முறை சொன்னபின் நம் நினைவிலும் அந்த வெட்டுப்பட்ட படமே தங்கிவிடுகிறது. மூலம் எங்கே போயிற்று என்று நமக்கே தெரிவதில்லை.

தன்னைக் குறித்தும் மனம் இரண்டு விதமாக வெட்டும். செருக்குள்ள மனம் தன் குறைகளை வெட்டி நிறைகளைச் சட்டமிடுகிறது. சோர்ந்த மனம் நிறைகளை வெட்டித் தன் தோல்வியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறது. பின்னதைச் சிலர் பணிவு என்று கருதிவிடுகிறார்கள். அதுவும் ஒரு பிழைபட்ட படமே.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே ப்ரெஸோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில், ஸ்ரீ ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் உடனிருந்து படம் எடுத்தவர். தம் படங்களைப் பத்திரிகைகள் கத்தரிப்பதை அவர் விரும்பியதில்லை. ஃபிலிமின் முழுப் பரப்பும் அச்சாகியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக, படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஓரம் தெரியும்படி அச்சிடச் செய்வது அவர் வழக்கம். ஆயினும், 1932ல் பாரிஸில் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படத்தை அவர் கத்தரித்தே வெளியிட்டார். வேலியின் பலகை ஒன்று காட்சியை மறைத்ததை அவரே கூறினார். விதியைக் காத்தவர் விலக்கையும் ஒளிக்கவில்லை. நேர்மை அந்த ஒளிவின்மையில் இருக்கிறது.

நம்மால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது; எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லவும் தேவையில்லை. தியானத்தில் அமர்பவர் உலகைச் சிறிது நேரம் ஓரத்தில் வைக்கிறார். துயரத்தில் இருப்பவரிடம் பேசுபவர் சில உண்மைகளை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கிறார். இவை விவேகத்தின் பாற்பட்ட விடுதல்கள். அவற்றை மறைத்தலிலிருந்து பிரித்துக் காப்பதற்கு ஒரே வழி, மூலப்படத்தைப் பத்திரமாக வைத்திருப்பதே. இரவில் படுக்குமுன் சில நிமிடங்கள், அன்று நாம் பிறருக்குக் காட்டிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரங்களில் எதை வெட்டினோம், யாரை வெட்டினோம் என்று பார்ப்போம். வெட்டியது பிறருக்கு உரியதாக இருந்தால், மறுநாள் அதை அவர்களிடம் திருப்பிக் கொடுப்போம்.

அடுத்த குளிர்காலத்தில் சிவ்ரிக்குச் செல்லும் அன்பர்கள் பூநாரைகளை மனம் நிறையப் படம் எடுக்கட்டும். அடிவானம் சாயாமல், நல்ல ஒளியில், தேவையற்றதை நீக்கியே எடுக்கட்டும். எடுத்தபின் கேமராவைக் கீழே இறக்கி, உடன் வந்த குழந்தைக்கு நீருக்கு அப்பால் தெரியும் புகைபோக்கிகளையும் விரல் நீட்டிக் காட்டட்டும். அங்கும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அதற்குச் சொல்லட்டும்.